மூடாத வட்டம்

கறுப்புக் கிரானைட்டில் லேசர் பட்ட இடம் வெளுக்கும், படாத இடம் கறுப்பாகவே நிற்கும். புகைப்படத்தைப் பார்த்து முகத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, எந்தப் பகுதி வெளுக்க வேண்டுமோ அதை மட்டும் கணினியில் ஹேட்ச், அதாவது நெருக்கமான கோடுகள், போட்டு நிரப்பிக் கொடுப்பது என் வேலை. கல்லைத் தூக்கி மெஷினில் வைத்து லேசரால் சுடுவது என் வீட்டுக்காரர் வேலை. "மூளை உன்னுது, முதுகு என்னுது" என்பார்.

ஹேட்ச் போட வேண்டுமானால் கோடு முழுதாக மூடியிருக்க வேண்டும். கண்ணை வரைந்து அதற்குள் கருவிழிக்கு ஒரு வட்டம் போட்டால், நிரப்பும்போது மென்பொருள் அந்த வட்டத்தைத் தொடாமல் விட்டுவிடும். வட்டம் மயிரிழை திறந்திருந்தாலும் போதும், அப்படி ஒன்று இருப்பதையே மதிக்காமல் அதன்மேலும் பூசிவிடும். எங்கள் கணினி பழையது. நிரப்பியதைத் திரையில் காட்டச் சொன்னால் திணறும். அதனால் அதை மறைத்துவிட்டு வெறும் கோடுகளை வைத்தே வேலை செய்து பழகியிருந்தேன். அன்றும் கோடுகளைத்தான் பார்த்தேன். அழகான கண்ணாகத்தான் இருந்தது.

அந்தக் கல்லைக் கேட்டிருந்த லாரிக்காரரின் தம்பியை வெட்டிக் கொன்றிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். கொல்வதற்கு முன் கண்ணிரண்டையும் தோண்டினார்கள் என்பது அந்த வீட்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

நினைவுக்கல் திறப்பு பதினொரு மணிக்கு. லாரிக்காரரின் ஆட்கள் ஒன்பதரைக்கே வந்து நின்றார்கள். சுட்ட கல்லைக் கழுவித் துடைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்போம். அன்று விடவில்லை. "அங்க போய்க் கழுவிக்கிறோம்கா, அண்ணன் கத்துவாரு" என்று, தூசியோடு போர்வையில் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கல் திரும்பி வந்தது. லாரிக்காரரும் கூட இரண்டு பேரும். ஷட்டரை உள்ளிருந்து இறக்கினார்கள். கல்லை மேசைமேல் நிறுத்தினார்கள். மீசை, சிரிப்பு எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு கண்ணிலும் கருவிழி இல்லை. முழு வெள்ளை.

"எவன்டா இப்படிப் பண்ணச் சொன்னான்? என் தம்பிய வெட்டுனவனுங்கதானே சொன்னானுங்க?"

என் வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் லாரிக்காரன் அவர் தலைமுடியைப் பிடித்து மெஷின் மூடியில் மோதினான். மூடியின் கண்ணாடி விரிசல் விட்டது. இரண்டாவது மோதலில் உடைந்து உள்ளே விழுந்தது. முகத்தை வெளியே இழுத்தபோது ஒரு புருவம் கிழிந்து தொங்கியது.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சுண்ணே. வேணும்னு பண்ணலண்ணே."

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்" என்றார். கணினிக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னை அவர் பார்க்கவே இல்லை. "அவ பில்லு எழுத வர்றவ. மவுசு புடிக்கக்கூடத் தெரியாதுண்ணே அவளுக்கு."

"அப்ப உக்காரு. வேணும்னு பண்ணலல்ல? என் கண்ணு முன்னால சரி பண்ணு."

நாற்காலியில் தள்ளினார்கள். மவுஸ் ரத்தத்தில் வழுக்கியது. என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாரே தவிர, அவர் அதைத் தொட்டதில்லை. எங்கெங்கோ அழுத்தினார். மீசை அழிந்துபோனது.

"என்னடா புடுங்குற?"

கூட வந்தவர்களில் ஒருவன் அவர் இடது கைச் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கி ஒடித்தான். "பண்றேண்ணே, பண்றேன்" என்று அலறினார். அடுத்த விரல். அதற்கும் அதையேதான் சொன்னார். மூன்றாவது விரலைப் பிடித்தபோது நான் பேசினேன்.

"வட்டம் மூடலை. கண்ணுக்குள்ள இருக்கற வட்டத்துல மயிரிழை இடைவெளி. வரைஞ்சது நான். கவனிக்காதது நான்."

லாரிக்காரன் என் பக்கம் திரும்பினான். ஓர் அடிதான் வைத்திருப்பான், என் வீட்டுக்காரர் எழுந்து பின்னாலிருந்து அவன் கழுத்தை முழங்கையால் இறுக்கினார். மற்ற இருவரும் அந்தக் கல்லைத் தூக்கி அவர் தலையில் இறக்கினார்கள். அதன் முனை காதுக்குமேல் இறங்கியது.

கீழே கிடந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. மூச்சு குறட்டைபோல் வந்தது.

"ஆசுபத்திரிக்குத் தூக்குங்கண்ணே. உசிரு இருக்கு. காலப் புடிக்கிறேண்ணே."

"மொதல்ல கண்ணு." இப்போது அவன் கத்தவில்லை. "என் தம்பியக் கண்ணோட பாக்காம இங்கேருந்து யாரும் போகப் போறதில்ல."

உட்கார்ந்தேன். அழிந்த மீசையை மீட்டேன். அவன் பார்க்க வேண்டுமே என்று நிரப்பியதைத் திரையில் காட்டவிட்டேன். கணினி திணறியது. முதுகுக்குப் பின்னால் குறட்டை கேட்டுக்கொண்டே இருந்தது. இடது கண்ணின் வட்டத்தில் கீழ்ப்பக்கம் இடைவெளி. இணைத்தேன். பழைய ஹேட்ச்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். காத்திருந்தேன். கருவிழி வந்தது. வலது கண் அதையே திருப்பிப் போட்ட நகல், அதே இடத்தில் அதே இடைவெளி. அதையும் முடித்தேன்.

லாரிக்காரன் திரையருகே குனிந்தான். "இப்பதான்டா நீ" என்றான். முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஷட்டரைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினான்.

அப்போதே நான் எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இன்னொரு தப்பு அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயத்தில், சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. நான்கு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் திரை நின்று நின்று வந்தது. மூன்றாவதில் இருக்கும்போது பின்னால் குறட்டை நின்றது. நான்காவதையும் பார்த்தேன். எல்லாம் மூடித்தான் இருந்தன.