எட்டாம் நம்பர் கூண்டு

லோனி ப்ரூயிட் அந்தக் கதையை வாழ்க்கையில் ஒரே ஒருவனிடம்தான் சொன்னான். கேட்டவன் ஷேன் ஆல்பிரெக்ட், அவர்கள் பேண்டின் பாடகன். இருவரும் வேனில் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

லோனியின் அப்பா வெர்ல் வேட்டைநாய் வளர்த்து விற்பவர். மகனுக்கு ஒன்பது வயதில், ஏதோ ஒரு தட்டை உடைத்ததற்காக அவனைக் கொட்டகைக்கு இழுத்துப்போய், காலியாக இருந்த எட்டாம் நம்பர் நாய்க்கூண்டில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. பதினோரு வயதில் பையனின் உடம்பு கூண்டுக்குள் அடங்காமல் போன பிறகுதான் நிறுத்தினார்.

"இத வச்சு ஒரு பாட்டு எழுதட்டுமா மச்சான்?" என்று கேட்டான் ஷேன்.

லோனி பாஸ் கிடார் வாசிப்பவன். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஷேனுக்கோ கட்டடம் அதிரக் கத்தும் தொண்டை. அவன் பாடினால் என்றைக்காவது அப்பா கேட்பார். கேட்டதும் தான் செய்தது அவருக்கு விளங்கும், முகம் மாறும். அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். லோனிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"எழுதிக்கோ," என்றான்.

அது 1999. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்கிற ஊர். சோயா ஆலை நாற்றம் சட்டையைத் துவைத்தாலும் போகாது. அப்போது ஊருக்கு நாலு நூ மெட்டல் பேண்டுகள் இருந்தன, காயத்தையும் கோபத்தையும் கத்திப் பாடும் ராக் கும்பல்கள். எல்லாருக்கும் தொளதொள கால்சட்டை, புருவத்தில் வளையம், இசைத்தட்டைத் தேய்க்க ஒருவன், கத்த ஒருவன். இவர்கள் அந்தப் பாட்டை ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பியதும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களே கூப்பிட்டுவிட்டார்கள். ஆல்பம் தயாரிக்க வந்தவர் பெயர் டோபின்.

"இது யாருக்கு நடந்துச்சு?" என்றார் டோபின்.

ஷேன் லோனியைக் காட்டினான். டோபின் லோனியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ் வாசிக்கிறவன் அழுதா எவன்டா பாப்பான்? மைக்கு யார் கையில இருக்கோ அவனுக்குத்தான் நடந்திருக்கணும். பசங்க கேக்குற மொத கேள்வியே, 'நெசமாவே நடந்துச்சா'ன்னுதான். என்ன சொல்வ ஷேன்?"

அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த இசைக்கே அதுதான் சட்டம். காதல் பாட்டை யார் எழுதி யார் பாடினாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இங்கே காயம் பாடுகிறவனுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் போலி என்று துப்புவார்கள். ஷேனின் அப்பா இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், பூச்சியைக்கூட மிதிக்காத மனிதர், மகனுக்குப் பன்னிரண்டு வயதில் மாரடைப்பில் போனவர். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. முதல் பத்திரிகைப் பேட்டியிலேயே ஷேன் அவரைக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் போட வைத்துவிட்டான்.

"கோவமா மச்சான்?" என்று மட்டும் லோனியிடம் கேட்டான்.

"பாட்டு எங்கப்பா காதுல விழுந்தா சரி," என்றான் லோனி. அப்பனுக்கு விளங்கும் என்கிற நம்பிக்கை அவனுக்கு அப்படி. இப்படி ஒரு மடையனைக் கடவுள் மெனக்கெட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

மேடைக்கு நிஜக் கூண்டே செய்தார்கள். ஒத்திகையில் ஷேன், "எப்படிடா உக்காந்திருப்ப? காட்டு," என்றான். லோனி உள்ளே போய் முழங்காலை முகத்தோடு சேர்த்துக்கொண்டு காட்டினான். டிரம்காரன் விளையாட்டுக்குத் தாழ்ப்பாளைப் போட, மற்றவர்கள் குரைத்தார்கள். லோனியும் சிரித்துவைத்தான். அன்றிலிருந்து அந்தப் பாட்டு வந்தால் குரைப்பது கச்சேரிக்குக் கச்சேரி வழக்கமாயிற்று. மூவாயிரம் பிள்ளைகள் ஒன்றாகக் குரைப்பார்கள். கூண்டுக்குள் ஷேன் சட்டையில்லாமல் சுருண்டு கிடந்து பாடுவான்.

2001 ஆகஸ்டில் சொந்த ஊரில் கச்சேரி. லோனி அப்பாவுக்கு முன்வரிசையில் இடம் வாங்கிக் கொடுத்தான். வெர்ல் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பாட்டு தொடங்கியதும் லோனி கிடாரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தான். இரண்டாவது அடியில் அவர் வாய் கோணியது. மூன்றாவது அடியில் கைக்குட்டையை எடுத்தார். லோனிக்குச் சுருதி தப்பியது. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் நெஞ்சு லேசானது அன்றைக்குத்தான்.

கச்சேரி முடிந்து எல்லாரும் மேடைக்குப் பின்னால் வியர்வையோடு நின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி ஷேனிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெர்ல் கண் சிவந்து வந்தார். லோனி கையை நீட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தான். அவர் அவனைத் தாண்டிப்போய் ஷேனைக் கட்டிக்கொண்டார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைக்கத்தான் செய்தது, ஆள்தான் மாறிவிட்டது.

"தம்பி, பெத்த பிள்ளைய நாய்க்கூண்டுல அடைக்கிறவன் மனுசனா? உங்கப்பன் உசிரோட இருந்தா நானே தோல உரிச்சிருப்பேன்."

லோனிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிடுங்கிக்கொண்டுதான் பேசினான்.

"அப்பா. அது நான். நீங்க என்னத்தான் அடைச்சீங்க. எட்டாம் நம்பர்ல."

வெர்ல் திரும்பி நிதானமாகப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, நடித்தாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டு நிமிசம் ஒக்கார வச்சிருப்பேன், சேட்டை பண்ணினதுக்கு. அதுவும் இதுவும் ஒண்ணாடா?" பத்திரிகைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "சின்னதுலேருந்தே இவன் இப்படித்தாம்மா. அடுத்தவன் கையில எது இருந்தாலும் அது தனக்கும் வேணும்."

அந்தப் பெண் பேனாவைத் திறந்தபடி ஷேனைப் பார்த்தாள். லோனியும் பார்த்தான். லோனி வாயிலிருந்து நேராக அதைக் கேட்ட ஒரே சாட்சி ஷேன்தான். ஷேன் துண்டால் முகத்தைத் துடைத்தான். வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தான். பிறகு லோனியின் தோளில் கை போட்டான்.

"உனக்கும் வீட்டுல கஷ்டம் இருந்திருக்கும் மச்சான், நான் இல்லேங்கல," என்று மெதுவாகச் சொன்னான். "ஆனா இது என்னோடது. இத எங்கிட்டேருந்து எடுத்துக்காத."

வெர்ல் ஷேனோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். லோனியிடம் கேமராவைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். அவன் அழுத்தினான்.

மறுநாள் அயோவாவில் கச்சேரி. லோனி பஸ்ஸில் ஏறினான், வேறெங்கே போவான். அடுத்த வருஷம் இறுக்கமான கால்சட்டை போட்ட பையன்கள் வேறொரு இசையோடு வந்தார்கள், தொளதொளவெல்லாம் கேலியாகிவிட்டது. இரண்டாவது ஆல்பத்தைக் கடைகளே திருப்பி அனுப்பின. கம்பெனி ஒரு போன்காலில் கழற்றிவிட்டது. எல்லாம் சேர்த்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஷேன் அரிசோனாவுக்குப் போனான். லோனி சோயா ஆலையில் சேர்ந்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், புதிதாக வேலைக்கு வந்திருந்த டார்லா என்கிற பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க அந்தப் பேண்டுல இருந்தீங்களாமே. அந்தக் கூண்டுப் பாட்டுதான் பதினாறு வயசுல என்னக் காப்பாத்துச்சு. எங்க வீட்டுலயும் அந்த மாதிரிதான்." அவள் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே இருந்தாள். "அந்தப் பாடினவருக்கு அது நெசமாவே நடந்துச்சா? பொய்னு ஒருத்தன் சொல்றான்."

லோனி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நெசந்தான்மா," என்றான். "பாவம், ஷேன் ரொம்பப் பட்டவன்."