மேசை அசையத் தேவையில்லை

விடிய ஐந்தரைக்கே அவித்த நண்டு ஐஸோடு எங்கள் மேசைக்கு வந்துவிடும். காலைத் திருகி, கத்தியால் ஓட்டை உடைத்து, சதையை முறியாமல் எடுக்க வேண்டும். எங்கோ யாரோ தின்பதற்கு மன்னாரில் நாங்கள் பத்துப் பெண்கள் நின்றபடியே மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருக்கிறோம்.

நிறஞ்சலாவின் வலது மணிக்கட்டு தை மாதத்திலிருந்து 'களுக்' என்று விலகி விலகிப் பொருந்தியது. எலும்புகளைப் பிடித்திருக்கும் நார் தளர்ந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் சொல்லிக் கொடுத்ததை அவள் எங்களுக்கு அப்படியே ஒப்புவித்தாள்.

"ஒப்பரேசன் வேண்டாம். மணிக்கட்டுக்குப் பட்டியைக் கட்டுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா உள்ளங்கையை மேசைக்குக் கீழ வச்சு, மணிக்கட்டை நேராப் பிடிச்சு, மேல அமத்துங்கோ. அஞ்சு எண்ணி விடுங்கோ. பத்துத்தரம். மேசை அசையத் தேவையில்லை, கைதான் உரம் பிடிக்கும்."

அசையாத மேசைக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

பட்டி முதல் நாளே போனது. துணி உள்ளே வந்தால் சுத்தம் கெட்டுவிடும் என்று முதலாளி கழற்ற வைத்தார். மிஞ்சியது பயிற்சி மட்டும். அதைக் களவாகச் செய்தவளை இன்று காலை அவர் கண்டுவிட்டார்.

"என்ன செய்யிறீர்?"

"கைக்குப் பயிற்சி, சேர். அஞ்சு நிமிசம்தான்."

"நாள் முழுக்க நண்டு உடைக்கிறீர். அதைவிடப் பயிற்சி வேணுமோ?"

"அதாலதான் சேர் கழண்டது."

"அப்ப வீட்ட இருந்து செய்யும். நாளைக்கு வேற ஆள் வரும்."

முதலாளி வெளியே போனார். அவளுடையது இந்தியாவில் அகதி முகாமில் கிடந்து திரும்பிய குடும்பம், உழைக்கிற கை அது ஒன்றுதான். நாங்கள் அவளுக்காக வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னைத் தின்கிறது. அவள் குனிந்து நண்டை எடுத்தாள். களுக். மறுபடியும் களுக்.

முதலில் கத்தியைக் கீழே வைத்தவள், பக்கத்தில் நின்ற ஸீனத். "எனக்கும் இடக்கை ரா முழுக்க விறைக்குது."

"எனக்கும்தான்" என்றாள் மேரி ரோஸ்.

வேலை போய்விடும் என்று ஒருத்திக்கொருத்தி மறைத்திருக்கிறோம்.

"எப்பிடி வைக்கிறது, நிறஞ்சலா? காட்டுங்கோ" என்றாள் ஸீனத்.

பத்துக் கைகள் மேசைக்குக் கீழே போயின. கதவடியில் முதலாளி வந்து நின்றார்.

"கையை மேல எடுங்கோ."

யாரும் எடுக்கவில்லை. நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது.

"ஒண்டு" என்றாள் நிறஞ்சலா. "ரெண்டு."

ஐந்துக்கு வரும்போது மேசைக் கால்கள் சீமெந்தை விட்டு எழும்பின. நண்டோடுகள் கலகலவென்று சரிந்தன.

"இவ்வளவு அமத்த மிஸ் சொல்லேல்லையடி" என்றாள் நிறஞ்சலா. பிறகு முதலாளியைப் பார்த்தபடியே இரண்டாந்தரத்துக்கு எண்ணத் தொடங்கினாள்.