பெருமாள் வாய், காசியம்மாள் குரல்

பொழுது விடிந்ததும் காசியம்மாளுக்கு முதல் வேலை, ஓர் எருமையைத் திட்டுவது.

அது பழவேற்காட்டில் கைருன் பீவி வீட்டு எருமை. கைருன் பீவியின் மாமியார் மெஹருன்னிசா இருந்தவரை அவர்தான் அதைக் கறப்பார். கறக்கும்போது வாய் சும்மா இருக்காது. எருமையையும் மருமகளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே கறப்பார். அவர் கண்ணை மூடிய பிறகு எருமை பாலை அடக்கிக்கொண்டது. கன்றை விட்டுப் பார்த்தார்கள், பருத்திக்கொட்டை வைத்துப் பார்த்தார்கள், கொம்பில் தாயத்துக்கூடக் கட்டிப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை. இறால் விற்க வந்த காசியம்மாள் ஒரு நாள் விளையாட்டாகத் தொழுவத்துத் தட்டிக்குப் பின்னால் நின்று, "ஏ சைத்தானே, தின்னத் தெரியுதில்ல, குடுக்கத் தெரியாதா? இந்த வூட்ல அல்லாமே ஒரே மாதிரிதான்!" என்று மெஹருன்னிசாவின் குரலில் ஒரு போடு போட்டாள். எருமை காதை நிமிர்த்தியது. காம்பைப் பிடித்திருந்த கைருன் பீவியின் சொம்பில் பால் சர்ரென்று இறங்கியது. அவள் திடுக்கிட்டதில் பக்கத்திலிருந்த தவிட்டுக் கூடை கவிழ்ந்தது.

அன்றிலிருந்து ஒரு சொம்பு பால் காசியம்மாளுக்குக் கூலி.

"எருமையை மட்டும் திட்டேன் காசி. என்னை எதுக்கு இழுக்கிறே?" என்பாள் கைருன் பீவி.

"நா இன்னா பண்றது பீவி? உங்க பேரு வந்தாத்தான் அது நம்புது."

காசியம்மாளின் தொண்டைக்குள் யார் யாரோ குடியிருந்தார்கள். கூத்து நடக்கும் நாட்களில் ராணி வேஷம் கட்டுகிறவன் அவளுடைய பக்கத்து வீட்டுச் சுப்பன். சேலை கட்டி, மூக்குத்தி போட்டு வந்தால் சுப்பனைப் பார்க்க இரண்டு கண் போதாது. வாயைத் திறந்தால் மட்டும் தோணியை மணலில் இழுக்கிற சத்தம் வரும். அதனால் திரைக்குப் பின்னால் காசியம்மாள் உட்கார்ந்து பாட, முன்னால் அவன் வாயசைப்பான். அவள் பாடி முடித்த பிறகும் அவன் வாய் ஓடிக்கொண்டிருக்கும். "நா கடலூருக்குப் போய்ச் சேந்துட்டேன், நீ இன்னும் இங்க பக்கத்துல அனுப்பம்பட்டுலயே நிக்கிறியே!" என்று திரைக்குள்ளிருந்து அவள் பல்லைக் கடிப்பதும் முன்வரிசைக்குக் கேட்கும்.

வீட்டுக்கு வந்தால் பொம்மை செய்வாள். வலைக்குத் தக்கையாகக் கட்ட அவளுடைய புருஷன் பெருமாள் கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவி வைத்திருப்பான். எண்ணெய் வைத்த தலைபோல வழவழவென்று இருக்கும் அதைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் அதற்குக் கண் வந்துவிடும், அடுத்த நாள் மீசை வந்துவிடும். நண்டு ஓட்டில் தலைப்பாகை, ஒல்லாந்தர் கோட்டையில் கழித்துப்போட்ட சாயத் துணியில் சட்டை. பெருமாளின் வலை பாதி மிதந்தும் பாதி மூழ்கியும் கிடப்பதற்கு ஏரியில் வேறு காரணம் எதுவும் இல்லை.

போதாததற்கு அந்த வீட்டில் ஒரு கூழைக்கடாப் பறவை இருந்தது. இறக்கை ஒடிந்து கரையில் கிடந்ததைத் தூக்கி வந்தார்கள். பறக்க முடியாது என்பதால் நடந்தது. கோட்டைத் துரை துணிமூட்டைகளைப் பார்வையிட வரும்போது நெஞ்சை நிமிர்த்தி, தாடையைத் தொங்கவிட்டு, மெதுவாகக் காலெடுத்து வைப்பாரே, அப்படி நடந்தது. அதற்குப் பெயரே துரை. துரைக்குப் பெருமாளின் குரல்தான் குரல். "வா தொரை" என்று அவன் அடித்தொண்டையில் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்து வாயைப் பிளக்கும். வேறு யார் மீனை நீட்டினாலும் அந்தப் பக்கமே திரும்பாது. ஒற்றைக்கண் பூனை ஒன்றும் இருந்தது. துரை திரும்பாத மீன்களால் அது கொழுத்துக்கொண்டிருந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் பெருமாளின் தொண்டை கெட்டது.

பெருமாள் பேசாத மனுஷன். ஆனால் காசியம்மாளின் தம்பி வடிவேலுவிடம் மட்டும் அவனுக்குப் பேச்சு வரும், அதுவும் ஏச்சாகத்தான் வரும். வடிவேலு அவனோடு தோணியில் போகிறவன். அன்றைக்கு வலைக்கயிற்றைக் கட்டாமல் வானத்துப் பூநாரைக் கூட்டத்தை வாய்பார்த்துக்கொண்டிருந்தான். நிறைந்த வலை அவிழ்ந்து இறால் முழுக்க ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது. அடி விழும் என்று தெரிந்து அவன் தண்ணீரில் குதித்து வடக்கே இருந்த மணல்திட்டில் ஏறிக்கொண்டான். பெருமாள் தெற்கே தோணியில் நின்று கத்த ஆரம்பித்தான்.

வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர்காற்றில் சண்டை போடக் கூடாது என்பது ஏரிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பெருமாளுக்கு அன்று கோபத்தில் திசை மறந்துவிட்டது. அவன் திட்டியதெல்லாம் அவனுக்கே திரும்பி வந்தது. வடிவேலு சொன்னது மட்டும் காற்றோடு கணீரென்று வந்து சேர்ந்தது.

"இன்னா மாமா? கேக்கல!"

பெருமாள் முதலிலிருந்து திட்டினான்.

"வலைக்கி அப்பால இன்னா சொன்னே மாமா?"

பெருமாள் மறுபடியும் முதலிலிருந்து திட்டினான். பொழுது சாய்ந்து கரையேறியபோது அவன் வாயிலிருந்து காற்று மட்டுந்தான் வந்தது. வடிவேலுவை இனி தோணியில் ஏற்ற மாட்டேன் என்று கையாலேயே சத்தியம் செய்தான். வடிவேலு கல்யாணம் ஆகாதவன், அவனுக்கென்று தோணியும் கிடையாது. அக்காள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கஞ்சி குடித்தான்.

மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, கோட்டைக்குள் வேலை செய்கிறவன் கொடுத்த ஏதோ ஒரு கசப்பு மருந்து எல்லாம் உள்ளே போயின, குரல் மட்டும் வெளியே வரவில்லை. ஊரில் யாருக்கும் இது தெரியாது. பெருமாள் பேசாமலிருப்பது அங்கே ஒரு செய்தியா என்ன? துரைக்கு மட்டும் தெரிந்தது. சாப்பிடாமல் சுருண்டுகொண்டது. காசியம்மாள் பெருமாளின் குரலில் "வா தொரை" என்று கூப்பிட்டுத் தீனி போட வேண்டியதாயிற்று.

கவலை அதுவல்ல. ஊரில் பாடு போடும் நாள் வந்துவிட்டது.

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை இறக்குவது என்று வருஷத்துக்கு ஒரு முறை அம்மன் கோயில் முன்னால் முடிவு செய்வார்கள். அதுதான் பாடு. ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டு அடையாளம் வெட்டிய தக்கை ஒன்றைப் பானையில் போடுவான். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வருகிற தக்கைக்கு முகத்துவாரம், கடலிலிருந்து இறால் ஏறிவருகிற இடம். பெயரைக் கூப்பிட்டதும் அந்த ஆள் தன் வாயால் "இருக்கேன்" என்று சொல்லி, தன்னோடு தோணியில் இறங்குவது யார் என்பதையும் அம்மன் கேட்கச் சொல்ல வேண்டும். வாய் திறக்காதவனுக்கு அந்த வருஷம் பாடு இல்லை. ஒரு காலத்தில், செத்துப்போனவனுக்கெல்லாம் யாராவது பதில் சொல்லிப் பாடு வாங்கிக்கொண்டிருந்தார்களாம், அதனால் வந்த கட்டுப்பாடு. பாடு இல்லையென்றால் சேற்றில் கைவிட்டு நண்டு தடவிப் பிழைக்க வேண்டியதுதான்.

"நா பேசறேன். நீ வாயை மட்டும் அசை" என்றாள் காசியம்மாள்.

பெருமாள் முடியாது என்று தலையாட்டினான்.

"அப்போ நண்டு தடவு."

பெருமாள் வாயசைக்க ஒப்புக்கொண்டான். ஆனால் சுப்பனைவிட மோசமாக இருந்தான். அவள் "இருக்கேன்" என்று முடித்த பிறகு, கொட்டாவி விடுகிறவனைப்போல அவன் வாய் திறந்தது. பார்த்துப் பார்த்து அலுத்தவள், கடைசியில் பொம்மைக்குக் கட்டும் நூலை எடுத்து அவன் கால் கட்டைவிரலில் கட்டினாள். "இழுத்தா தொற, வுட்டா மூடு." அது சரியாக வந்தது. "இத்தினி நாளா இது தெரியாம வாழ்ந்துட்டேனே" என்றாள். சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. "இருக்கேன்." வடிவேலுவின் இடத்துக்குச் சுப்பனைப் பேசிவைத்திருந்ததால், "நானும் சுப்பனும்." அவ்வளவுதான்.

கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். பெண்கள் எட்டத்தில், காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால். காசியம்மாள் மட்டும் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு தோணிக்கு அடியில், நூலைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். தோணிக்கு முன்னால் பெருமாள், வட்டத்திலேயே மிகவும் நேராக நிற்கும் ஆளாக நின்றான்.

பெரியதனக்காரர் பானையில் கைவிட்டு முதல் தக்கையை எடுத்தார். எடுத்தவர் திடுக்கிட்டார். தக்கை அவரை முறைத்துப் பார்த்தது. அதற்குக் கண்ணும் முறுக்கு மீசையும் இருந்தன.

"இது பெருமாள் வூட்டுதுதான், சந்தேகமே இல்ல" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"பெருமாளு! மொகத்துவாரம்!"

நூல் இழுபட்டது. பெருமாள் வாய் திறந்தது. "இருக்கேன்" என்று கனமான குரல் வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். பெரியதனக்காரருக்கு அன்று பேசுகிற உற்சாகம் கூடியிருந்தது. "இன்னாப்பா, மொகத்துவாரத்துல அலை ஜாஸ்தி. சமாளிப்பியா?" என்றார்.

தோணிக்கு அடியில் இருந்தவளுக்கு, கூத்தில் முன்வரிசை கேள்வி கேட்டால் வருகிற ஊக்கம் வந்துவிட்டது. "சமாளிக்கிறதா? அலை என்னப் பாத்தா வழி வுட்டு நிக்கும் பெரியதனம்! போன வருசம் மொகத்துவாரம் வாங்கினவங்க கரையிலயே குந்திக்கினு மானத்தப் பாத்தாங்களே, அந்த ஆளு நா இல்ல!"

பெருமாள் கட்டைவிரல் ஓயாமல் துள்ளியது. வாய் படபடவென்று திறந்து மூடியது. "பெருமாளுக்கு இவ்ளோ பேச்சு வருமா!" என்றான் பக்கத்தில் நின்ற சுப்பன்.

"சரி சரி. உன்னோட இறங்குறது யாரு?"

அந்த நேரத்தில் காசியம்மாள் தோணியின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். கூட்டத்துக்கு வெளியே, ஒரு பனைமரத்தில் சாய்ந்து, யாரும் தன்னைப் பார்க்காத மாதிரி வடிவேலு நின்றுகொண்டிருந்தான். காலையில் குடித்த கஞ்சி உதட்டோரம் காய்ந்திருந்தது. அவள் வாய் அவளைக் கேட்காமல் பேசியது.

"நானும் என் மச்சான் வடிவேலுவும்."

சுப்பன் பெயருக்கென்று பாதி திறந்த பெருமாளின் வாய் பட்டென்று மூடிக்கொண்டது. காசியம்மாள் நூலை இழுத்தாள். அவன் பல்லைக் கடித்தான். அவள் இன்னும் இழுத்தாள். அவன் ஒற்றைக்காலில் நின்றான். வாய் திறக்கவில்லை. குரல் மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது: "சின்னப் பையன், தெரியாம ஒரு தபா கயித்த வுட்டுட்டான். அதுக்கா ஒரு மனுசன ஒதுக்கறது?"

மூடிய வாயிலிருந்து வருகிற பேச்சைக் கேட்டு ஊர் மிரண்டது. ஒருவர் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குள் துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது. தன் எஜமானனின் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதே கிடையாது. பெரிய விருந்து என்று நினைத்துவிட்டது. பெருமாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகத் தோணியிடம் போனது, விளிம்புக்கு அடியில் தலையை நுழைத்தது, வாயைப் பிளந்தது.

"ஐயோ, சனியனே, போ!" என்று காசியம்மாளின் சொந்தக் குரல் அலறியது.

தோணியைப் புரட்டினார்கள். கொண்டை கலைந்து, கையில் நூலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. பெரியதனக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மன் முன்னால பொம்மலாட்டமா? பாடு கெடையாது. அடுத்த தக்கையை எடுக்கறேன்."

"பெரியதனம்!" என்று காசியம்மாள் எழுந்தாள். கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். "செத்தவனுக்காகவா பதில் சொன்னேன்? ஆளு முன்னால நிக்குது பாருங்க. தொண்டை கட்டிக்கினு கீது, அவ்ளோதான். எங்க வயித்துல அடிக்காதீங்க."

பெரியதனக்காரர் யோசித்தார். தக்கையைப் பார்த்தார், தக்கை அவரைப் பார்த்தது. "சரி. ஒண்ணு பண்ணலாம். சொன்னது அம்மன் காதுல விழுந்துடுச்சி. அதைப் பாதி வச்சிக்கினு பாதி வுட முடியாது. பெருமாளு, இதெல்லாம் நாந்தான் சொன்னேன்னு உன் தொண்டையால ஒரு வார்த்தை சொல்லு. சொன்னா அல்லாமே செல்லும். இல்லியா, அல்லாமே போச்சு."

பெருமாள் காசியம்மாளைப் பார்த்தான். வடிவேலுவைப் பார்த்தான். வடிவேலு தரையைப் பார்த்தான். தூரத்தில் முகத்துவாரப் பக்கம் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. அங்கே இறால் ஏறிக்கொண்டிருக்கும்.

கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. முதலில் காற்று வந்தது. பிறகு கதவு கிரீச்சிடுகிற மாதிரி ஒன்று வந்தது. ஊரே அவனோடு சேர்ந்து முக்கியது. சுப்பன் பழக்க தோஷத்தில் அவனுக்காக வாயசைத்தான்.

"நா...ந்...தான்... சொன்னேன்."

தவளை கத்தினால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். பெரியதனக்காரர் தலையாட்டினார். "போதும்பா, போதும். மொகத்துவாரம் பெருமாளுக்கு. கூட இறங்கறது வடிவேலு."

மறுநாள் காலையில் தோணி கிளம்பியது. ஒரு முனையில் பெருமாள் உட்கார்ந்து கிழக்கைப் பார்த்தான். மறுமுனையில் வடிவேலு உட்கார்ந்து மேற்கைப் பார்த்தான். இருவரும் அசைவதாக இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று தோணியைத் தள்ளிக்கொண்டிருந்த காசியம்மாளுக்கு அலுத்துவிட்டது.

"மச்சான், கயித்தை நல்லா கட்டு" என்றாள், பெருமாள் குரலில்.

"கட்றேன் மாமா. அன்னிக்கி என் மேலதான் தப்பு" என்றாள், வடிவேலு குரலில்.

"வுடு, போவட்டும். கழியை ஊனு."

"இதோ மாமா."

தோணியில் இருந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் வடிவேலு குனிந்து கயிற்றை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கழியை எடுத்து ஊன்றினான். பெருமாள் அந்த முடிச்சை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். தோணி முகத்துவாரத்தைப் பார்த்து நகர்ந்தது.