எதிர்க்கரையிலிருந்து எங்கள் வீடு

இந்த ஏரிப் பக்கம் சுற்றுலா வருகிறவர்கள் யாரும் எங்கள் ஊருக்குள் காலடி வைப்பதில்லை. எதிர்க்கரையில் இறங்கி, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே எங்கள் ஊரைப் பார்த்து "அடடா!" என்பார்கள். உடனே பஸ் ஏறிவிடுவார்கள். அந்த அடடாவை நம்பித்தான் எங்கள் ஊரே பிழைக்கிறது, கண்றாவி!

அதிலும் எங்கள் வீடு விளம்பரப் படத்தில் வந்த வீடு. சிவப்பு ஓடு, ஓட்டின்மேல் பூனை, மாடி ஜன்னலில் மஞ்சள் தலைத்துணி கட்டி நீலப் போர்வையை உதறும் என் மனைவி. பகல் முழுக்க அந்தப் படம் மாதிரியே இருக்க வேண்டும் என்பது சுற்றுலா அலுவலகத்தின் நிபந்தனை. வீடு அவர்களுடையது. ஜன்னல் காலியானால் வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். பூனை செத்தபோது காட்சி ஆய்வாளர் ஒரு மரப்பூனையைக் கொண்டுவந்து ஓட்டில் ஆணி அடித்துவிட்டுப் போனார்.

"என்னையும் மரத்துலயே செஞ்சு வெச்சுருங்களேன் சார்" என்று இவள் கேட்டாள்.

"அதெப்படிம்மா? முகத்துல உயிர் வேணாமா?" என்றார் அந்த மகராசன்.

நான் படகு மெக்கானிக். கிரீஸும் டீசலுமாக உருளுகிறவனுக்கு ஜன்னலில் நிற்பதெல்லாம் ஒரு வேலையா? கரும்பு தின்னக் கூலியா என்று அவளைக் கேலி செய்வேன். ஒருநாள் காலையில் அவள் போர்வையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏங்க, ஊரே பாக்குற வீட்டை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. ஒரே ஒரு நாள் அந்தக் கரைக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"ஜன்னல்ல யாரு நிப்பா? உங்கப்பனா?"

"நீங்க நில்லுங்க."

அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். சரி, தொலையட்டும் என்றேன். மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்றதால் தலைத்துணியின் முனையால் மீசையை மூடி மூக்குவரை இழுத்துக் கட்டிவிட்டு, தன் அண்ணன் படகில் ஏறிப் போனாள்.

நின்றேன். அப்பப்பா! படத்தில் இடது கை மேலே இருக்கிறது, இறக்கக் கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கழுத்து பிடித்துக்கொண்டது. எதிர்க்கரைக் கூட்டத்தில் ஓர் உருவம் வேலியோரம் வந்து நின்றது. அவள்தான். கையைத் தூக்கி ஆட்டினாள். பாவி மகள், சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக் குதித்து ஆட்டினாள். என்ன பிடித்ததோ எனக்கு, போர்வையைச் சுழற்றி நானும் சிரித்துக்கொண்டே ஆட்டினேன். தலைத்துணி அவிழ்ந்து காற்றில் பறந்து ஏரியில் விழுந்தது.

ஆய்வாளர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். கழுத்தில் பைனாகுலர் ஆடியது.

"படத்துல கை ஆட்டுறது எங்கய்யா இருக்கு? அதுவும் மீசையோட!"

வீடு போச்சு என்று நினைத்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா ஜனங்க ரெண்டு தடவை அடடான்னுட்டாங்க. இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்ல. புதுப் படம் எடுத்தாச்சு. நாளையிலேருந்து நீதான் நிக்கணும், இதே சிரிப்போட."

சாயங்காலம் அவள் வந்தாள். "வீடு தப்பிச்சுது, நான் மாட்டிக்கிட்டேன். இப்ப திருப்திதானே?" என்று கத்தினேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி, எப்படி இருந்துச்சு நம்ம வீடு?"

"ரொம்ப அழகா இருந்துச்சுங்க. கண்ணே கலங்கிருச்சு. ஆனா அங்கேருந்து பாத்தா வாசக்கதவே தெரியலங்க. ஜன்னல் மட்டும்தான் தெரியுது."



மறுநாள் நான் ஜன்னலில் ஏறி நின்றேன். எனக்குப் பின்பக்கம் வாசல்கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கீழே ஏரிக்கரைப் பாதையில் அவள் நடந்து போனாள். கையில் ஒரு பை. அவசரமே இல்லாத நடை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏய், எங்க போற? எப்ப வருவ?" என்று கத்த வாயெடுத்தேன். எதிர்க்கரையில் முதல் பஸ் வந்து நின்றது. புதுப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தேன்.