எருக்கங்காட்டு அம்மன்

செவிலிமேட்டுப் பூங்காவைக் கட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வளர்த்தார்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நடக்கிற பாதை சிமெண்ட், உட்காருகிற பெஞ்சு சிமெண்ட், நிழலுக்கென்று நட்டிருந்த காளான் குடையும் சிமெண்ட். வாசலில் ஒரு சிமெண்ட் முயல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். குப்பையை அதன் வாயில் போட வேண்டுமாம். நிஜ முயல் ஒன்று தப்பித்தவறி உள்ளே வந்தால் எல்லாரும் கல்லைத் தேடியிருப்பார்கள் என்பதில் தையல்நாயகிக்குச் சந்தேகமே இல்லை.

அவள் ஒரு பட்டுச்சேலைக் கடைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவள். புருஷன் வீரபாகு வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவன். நாளெல்லாம் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிச்சலும் தலைவலியும் வந்ததில், காலையில் கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடக்கப் போனவள் எப்படியோ நிற்கப் பழகிவிட்டாள். நின்ற இடம் பூங்காவின் மேற்கு மூலை.

அந்த மூலைக்கு மட்டும் சிமெண்ட் போய்ச் சேரவில்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து மண் எப்போதும் ஈரமாக இருக்கும். எருக்கஞ்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. அவற்றின் காலடியில் தும்பை, நாயுருவி, குப்பைமேனி, மஞ்சள் பூ விட்ட நெருஞ்சி. நடுவில் ஒரு வேப்பங்கன்று, யார் வைத்ததோ, காக்கை போட்டதோ. சித்திரை வெயிலில் பூங்காவின் விலைகொடுத்து வாங்கிய புல்லெல்லாம் துடைப்பக்கட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த மூலை மட்டும் சட்டை செய்யாமல் பூத்துக்கொண்டிருந்தது.

அவளோடு நடப்பவள் மஹாலட்சுமி. பக்கத்துத் தெரு, வாலாஜாபாத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். கோடை விடுமுறை என்பதால் அவசரமில்லாமல் நடந்தாள்.

"இன்னாடி அங்கியே நின்னுக்கினு இருக்கிற? பாம்பு கீம்பு இருக்கப் போவுது."

"இங்க வா மஹா. இதப் பாரேன்."

எருக்கிலையின் அடியில் ஒரு புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக உடம்பெல்லாம் வரி. இலையை ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டு வந்தது. அடுத்த கிளையில் நீலமும் மஞ்சளும் பூசிய ஒரு வெட்டுக்கிளி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல. எருக்கம்பூவில் கருவண்டு ஒன்று தலையை விட்டுக்கொண்டு உறுமியது. நாயுருவித் தண்டில் கும்பிடுபூச்சி. வேப்பங்கன்றின் மேல் ஓணான் ஏறி நின்று, இவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டியது.

"அய்ய, புழு!" என்று மஹாலட்சுமி ஒரு அடி பின்னால் போனாள். பிறகு அவளே குனிந்தாள். தையல்நாயகி இன்னோர் இலையைத் திருப்பிக் காட்டினாள். இளம்பச்சையில் ஒரு கூடு, நெருப்புக்குச்சியின் பாதி நீளம், தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு பொன்கோடு, ஜரிகை இழை ஓட்டியது மாதிரி.

"இதுக்குள்ளதான் இருக்குதா?"

"நீ டீச்சரா, நான் டீச்சரா?"

"புக்குல படம்தான்டி இருக்குது. நேர்ல எவ பாத்தா?"

அன்றைக்கு ஒரு கூடு பிளந்து, கசங்கிய துணியாக வெளியே வந்த வெந்தய நிறப் பட்டாம்பூச்சி இறகு காய்கிற வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அது பறந்தபோது மஹாலட்சுமி சின்னப் பிள்ளையாகக் கை தட்டினாள். அந்த மூலைதான் தன் நாளில் உருப்படியான பகுதி என்று தையல்நாயகிக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் ராமராஜன் வந்தார். நடப்போர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவர், தலைவரைத் தேர்ந்தெடுத்தவரும் அவர். சுற்றுப்பட்டு ஊர்களில் பாதி நிலத்தை மனையாக்கி விற்றுவிட்டு, இப்போது உடம்பைக் குறைக்க நடக்கிறார். வெறும் மண்ணைப் பார்த்தால் அவருக்குக் கை நமைக்கும்.

"ஏம்மா, அங்க போவாதீங்க. திங்கக்கெழம மெஷின் வருது. மொத்தத்தையும் வழிச்சிட்டு டைல்ஸ் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டோம். அசிங்கமா இருக்குது பாருங்க."

"எது அசிங்கம்?"

"இந்தப் பொதரு, புழு, பூச்சி."

தையல்நாயகிக்குச் சுருக்கென்று ஏறியது. "அந்தப் புழுதாங்க பட்டாம்பூச்சி ஆவுது. வாசல்ல செவுத்துல பெயிண்ட்டுல வரஞ்சி வெச்சிருக்கீங்களே, அதேதான். செவுத்துல இருந்தா அழகு, செடியில இருந்தா அசிங்கமா?"

ராமராஜன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் எரித்தது. "ஏம்மா, நீ நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணு. கூட்டோட கொதிக்கிற தண்ணியில போட்டாத்தானே பட்டு? அந்தப் புழுவுக்கு அழாதவ, இந்தப் புழுவுக்கு எதுக்கு அழுவுற?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பதில் வராத கோபம் மாதிரி மோசமான கோபம் வேறு கிடையாது. வீடு வரைக்கும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பேசிப் பாத்தியா?" என்று மெஷின் வரப்போவதை அவள் சொன்னதும் தறியிலிருந்து வீரபாகு கேட்டான்.

"பேசினேன். என்னியே திருப்பி அடிச்சிட்டாரு. பூங்கா ஆபீசுல போய்ச் சொன்னா, சங்கத்துல கேளுங்கன்றாங்க. சங்கம்னா அவருதான். யாருமே காதுல வாங்க மாட்றாங்க."

வீரபாகு அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே விளையாட்டாகச் சொன்னான்: "இந்த ஊர்ல செடின்னு சொன்னா எவன் கேப்பான்? சாமின்னு சொல்லு. ஒரு மஞ்சத் துணி கட்டிவுட்டுடு. அப்புறம் அதத் தொடறதுக்கு எவனுக்குத் தெகிரியம் வருது பாக்கலாம்."

"சீ, வாய மூடுங்க" என்றாள். ஆனால் அந்தப் பேச்சு மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போனாள். வேப்பங்கன்றின் அடியில் ஒரு செங்கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். கன்றில் மஞ்சள் துணியைக் கட்டினாள். எந்த அம்மனாக இருந்தாலும் இந்தப் பூச்சிகளையும் அவள்தானே படைத்திருப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மெஷின்காரர் வந்தார், துணியைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "இது எப்ப வந்துச்சி?"

"ஆத்தா கனவுல வந்தா" என்றாள் தையல்நாயகி. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கம்மியது. அதுவே பொய்யை உண்மை மாதிரி ஆக்கிவிட்டது. "இந்த எருக்கங்காட்டுலதான் இருக்கேன், என் எடத்துல கை வெக்காதீங்கன்னு சொன்னா."

நடந்துகொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ராமராஜன் வேர்வைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஹாலட்சுமி கண்ணை அகல விரித்து, "எங்கிட்ட சொல்லவே இல்லியேடி" என்றாள். அப்புறமாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தையல்நாயகி சும்மா இருந்துவிட்டாள். மெஷின் வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நியாயத்தைக் கேட்காத ஊரை நிமிஷத்தில் கேட்கவைத்துவிட்டாளே!

அந்த வாரமே தென்னேரியில் தங்கை மகள் கல்யாணம். பந்தக்கால், நலங்கு, மறுவீடு என்று வீரபாகுவோடு பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பினாள். வந்த மறுநாள் விடிந்ததும் பூங்காவுக்கு ஓடினாள். கடைசியாகப் பார்த்தபோது இலைக்கு இலை கூடு தொங்கியது. எல்லாம் இந்நேரம் பிளந்திருக்கும்.

பூங்கா வாசலிலேயே மைக் செட் அலறியது.

மேற்கு மூலையில் தகரக் கொட்டகை. அதன் கீழே வழவழவென்று கறுப்புக் கல் தளம். வேப்பங்கன்றைச் சுற்றிச் சிமெண்ட் மேடை, எவர்சில்வர் கம்பி வேலி. செங்கல் இருந்த இடத்தில் வெள்ளிக் கவசம் போட்ட ஒரு முகம். தண்ணீர்த் தொட்டியின் கசிவை அடைத்து, பக்கத்தில் உண்டியல் வைத்திருந்தார்கள். மேலே பெரிய போர்டு: அருள்மிகு எருக்கங்காட்டு அம்மன்.

எருக்கு ஒன்றுகூட இல்லை.

தும்பை இல்லை, நெருஞ்சி இல்லை. நிற்க ஒரு தண்டு இல்லாமல் கும்பிடுபூச்சி எங்கே போயிருக்கும்? வேலியோரம் வெட்டிப்போட்ட செடிகள் கருகிய குவியலாகக் கிடந்தன. அவள் ஓடிப்போய்க் கையால் புரட்டினாள். சாம்பல்தான் வந்தது. கொளுத்திவிட்டிருக்கிறார்கள், கூட்டோடு.

"வாம்மா, வா!" என்று ராமராஜன் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். "உனக்காவத்தான் காத்துக்கினு இருந்தோம். அம்மன் பொதருல இருக்கறதா? நாமெல்லாம் மனுசங்கதானா? என் செலவுலயே திருப்பணி முடிச்சிட்டேன். மொத மரியாத உனக்குத்தான்." பரிவட்டம் கட்டத் துணியோடு ஒருவர் நின்றார்.

தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் ஆடியது. "யாரக் கேட்டுடா வெட்டுனீங்க?" என்று கத்தினாள். வயதில் மூத்தவரை வாழ்நாளில் அவள் 'டா' போட்டதில்லை. "எருக்கங்காட்டு அம்மன்னு போர்டு வெச்சிட்டு எருக்க வெட்டுவீங்களாடா? அவ இருக்கற வூட்டக் கொளுத்திட்டு அவளுக்கே சூடம் காட்டுவீங்களாடா?"

கூட்டத்தில் ஒரு பொம்பளை குலவை போட்டாள்.

"ஆத்தா வந்துட்டா!"

"இல்ல! யாரும் வரல!" அவளுக்குத் தொண்டை கிழிந்தது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. "நான் பொய் சொன்னேன்! கனவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! செங்கல்ல நான்தான் நட்டேன்! புழுவக் காப்பாத்தப் பொய் சொன்னேன்!"

"நம்மளச் சோதிக்கறா" என்றார் ராமராஜன் பயபக்தியோடு. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார். அவள் திமிரத் திமிர அடி வேகமானது. "என்ன கொற வெச்சோம் தாயே, சொல்லு! கோவத்த எறக்கு!" என்று ராமராஜன் அந்தக் கல்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எருக்கு வெட்டியவர், புழுவைக் கொளுத்தியவர், அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தவர். அவர் கண்ணில் நிஜமான தண்ணீர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அவள் சுற்றிலும் தேடினாள். கூட்டத்தில் மஹாலட்சுமி இருந்தாள். அந்தக் கூட்டுக்குள் என்ன இருந்தது என்று இந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தையல்நாயகி அவளிடம் பாய்ந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீயாவது சொல்லு மஹா! நீ பாத்தியேடி. கை தட்டினியேடி. எல்லாத்தையும் உசுரோட கொளுத்திட்டாங்கடி. நான் சாமி இல்லன்னு சொல்லுடி. நான் தையலுடி, உங்கூட நடக்கறவ!"

மஹாலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தாள். உதடு துடித்தது.

"தெரியும் தாயே" என்றாள். "எம் பையன் இஞ்சினீரிங் முடிச்சிட்டு வூட்லயே உக்காந்துக்கினு இருக்கறான். அவனுக்கு ஒரு வழி காட்டு தாயே."

தையல்நாயகியின் கை அவள் தோளிலிருந்து தானாக நழுவியது. இதற்கு மேல் கத்தினால் இன்னொருத்தி தன் கஷ்டத்தைச் சொல்லுவாள். திட்டினால் வரம், அழுதால் அருள். வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். மஞ்சள் தண்ணீர் சேலையிலிருந்து கல் தளத்தில் சொட்டியது. அந்தத் தளத்துக்கு அதை உறிஞ்சக்கூடத் தெரியவில்லை.

பம்பை நின்றது.

"ஆத்தா மலையேறிட்டா" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் பெருமூச்சு விட்டது.

ராமராஜன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவள் நெற்றியில் விபூதி பூசினார். "வருசா வருசம் இதே நாள்ல நீதான்மா வந்து வாக்கு சொல்லணும்" என்றார். அவள் நடக்க ஆரம்பித்தாள். பாதையில் போகவர இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.