டப்பாவில் அக்காவின் கை

முப்பத்தாறு வயதில் பரு வந்தால் ஊருக்கே வாய் முளைத்துவிடும். "இந்த வயசுலயா?" என்று கேட்காத ஆளில்லை. என் அக்கா அதற்கும் ஒரு படி மேலே. வீட்டின் முன்னறையில் பார்லர் நடத்துகிறவள். என் முகத்தைத் தன் தொழிலுக்குப் பிடித்த தரித்திரமாகவே பார்த்தாள்.

"கூடப் பொறந்தவ மூஞ்சி இப்படி இருந்தா எவடி என்கிட்ட ஃபேஷியல் பண்ண வருவா?"

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமை மாட்டிச் சரிசெய்யும்போது வாடிக்கையாளர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தாடையெல்லாம் பரு பழுத்ததும் மேனேஜர் என்னை லென்ஸ் தேய்க்கும் அறைக்குத் தள்ளிவிட்டார். "சரியானதும் முன்னாடி வந்துடும்மா." அன்று பாத்ரூமில் அழுதேன். கவுன்டருக்குத் திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

தோல் டாக்டர் சொன்னார்: "தேய்க்காதீங்க, கிள்ளாதீங்க. மென்மையான ஃபேஸ்வாஷ், இந்த ஈரப்பத க்ரீம், பகல்ல சன்ஸ்கிரீன். ராத்திரி மருந்து, பட்டாணி அளவுதான். முதல்ல கொஞ்சம் கூடும், மெதுவா அடங்கும். லேபிள் இல்லாத பார்லர் க்ரீம் பக்கமே போகாதீங்க. ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. உடனே பளபளக்கும், நிறுத்தினா மொத்தமா திரும்பி வரும்."

சொன்னபடியே கூடியது. அக்காவுக்குக் கொண்டாட்டம். "படிச்ச டாக்டர் மூஞ்சிய மொசைக் தரை ஆக்கிட்டாரு!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினேன்.

திடீரென்று ஒரே வாரத்தில் முகம் வழவழவென்று ஆகிவிட்டது. கவுன்டர் திரும்பக் கிடைத்தது. சந்தோஷத்தில் அக்கா மேலிருந்த கோபம்கூடக் குறைந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லீவு நாளில் பார்லருக்குள் நுழைந்தேன். நாற்காலியில் பருவோடு ஒரு காலேஜ் பெண். அக்கா என் தாடையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினாள்.

"பாரும்மா, டாக்டர் ஒண்ணும் கிழிக்கல. இவ க்ரீம் டப்பாவுல நம்ம க்ரீமைக் கலந்து வச்சது நான்தான். இவளுக்கே தெரியாது!"

அக்காவின் க்ரீம் லேபிள் இல்லாத டப்பாவில்தான் வரும்.

"அதை நிறுத்தினா என்னக்கா ஆகும்?"

"ஏன்டி நிறுத்தணும்?"

அவளும் வருஷக்கணக்காக அதைத்தான் பூசுகிறாள். பவுடர் இல்லாத அவள் முகத்தை வீட்டில் நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்: நரம்பு தெரியுமளவு மெலிந்து, சிவந்த தோல். ஈரத் துண்டை எடுத்து அவள் முன் நீட்டினேன்.

"மூஞ்சியத் துடைச்சுக் காட்டு. அவ பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்."

அக்காவின் கை எழவில்லை. அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

"நீ என் மூஞ்சியிலயே போட்டியே!"

என் டப்பாவில் அவள் கலந்துவைத்த க்ரீமைக் குப்பையில் கொட்டினேன். டாக்டர் சொன்னது போலவே பரு மொத்தமாகத் திரும்பி வந்தது. மேனேஜர் வாய் திறப்பதற்கு முன் நானே லென்ஸ் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் உண்டு. ஆனாலும் தினமும் வேலை முடிந்து, முகத்தில் பவுடர்கூடப் போடாமல், பார்லர் வழியாகத்தான் உள்ளே போகிறேன். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நன்றாகப் பார்க்கட்டும்.