முத்துலட்சுமியின் முக்கால் வயிறு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. போன புதன்கிழமை காலை என் தம்பி மகள் முத்துலட்சுமி போனில் கேட்டாள்.

"அத்தை, ஒரு வார்த்தை சொல்லு. அந்த வயித்து ஆப்ரேசனப் பண்ணிக்கவா, வேண்டாமா?"

"என்ட்ட ஏம்ட்டி கேக்க? டாக்டரக் கேளு."

"டாக்டரம்மா உங்க இஷ்டம்ங்காவ. அவுக பட்டாளத்துல இருந்து போன் போட்டு உன் இஷ்டம்ங்காவ. அம்மா அழுதா. நீதான் கதையெல்லாம் எழுதுதல்லா, ஒண்ணச் சொல்லு. திங்கக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லணும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன். இது தப்பித்தல்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்கள் பாதியில் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதைவிட அது மேல்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் இரண்டு குரல்களை இணைத்துவிட்டுக் காதை எடுத்துக்கொள்வதுதான் என் வேலை. காதை எடுத்ததேயில்லை. அதனால் எனக்குக் கதை என்றால் இரண்டு பேர் பேசுவது. முகம், மரம், வானம் எல்லாம் பிறகுதான் வரும். சில சமயம் வராது.

2

தொடக்கம் ஒன்று: "ஆலங்குளம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி, நாற்பத்தோரு வயது, நூற்று இருபத்தாறு கிலோ, அன்று காலை—"

அடித்துவிட்டேன். இதுவரை நான் எழுதிய எந்த ஆளையாவது எடை சொல்லி உள்ளே கூட்டிவந்திருக்கிறேனா? இவளை மட்டும் ஏன் தராசோடு கூட்டிவருகிறேன்?

தொடக்கம் இரண்டு: "குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு—"

சாரல் விழாத குற்றாலக் கதை ஒன்று யாராவது எழுதுங்கள், நான் படிக்கிறேன். இது வேண்டாம்.

தொடக்கம் மூன்று, போன மாதம் அவள் டாக்டரை முதல் தடவை பார்த்துவிட்டு நேராக மேலகரத்துக்கு என் வீட்டுக்கு வந்த நாள்:

"வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துருவாவளாம் அத்தை. நீளமா ஒரு வாழைப்பழம் கணக்கா மிச்சம் இருக்குமாம்."

"எடுத்தத என்ன செய்வாவ?"

"எத?"

"வெட்டி எடுத்த முக்காலை."

"ஏத்தை, நான் என்ன பேசுதேன், நீ என்ன கேக்க?"

எனக்கு அன்று தூக்கிவாரிப்போட்டது அந்த முக்கால்தான். நகம் போல, முடி போல வயிற்றையும் வெட்டிப் போடலாம் என்பது எனக்கு இன்றும் அடங்காத அதிர்ச்சி. அவள் முக்கியமாகச் சொன்னது அதற்கு அடுத்த வரியில். அதை நான் சரியாகக் கேட்கவில்லை. அதிர்ச்சியில் இருந்தேன். இப்போது யோசித்தால், "ராத்திரி மூச்சு சரியா வர மாட்டங்குல்லா, அதுக்குத்தான்" என்று ஏதோ சொன்னாள்.

காதுதான் என் தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடிக்க வேண்டுமோ?

3

இனி விருந்து.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். ஆப்ரேசனுக்கு முன்னால் பதினான்கு நாள் தண்ணீராகாரம் மட்டும். கல்லீரல் வயிற்றுக்கு மேலே படுத்துக்கிடக்கிறதாம். அது கொழுப்பு கரைந்து சுருங்கினால்தான் கீழே கருவியை விட்டு வேலை பார்க்க முடியுமாம். தாளில் அப்படி இருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் பரவிய செய்தி வேறு: "புள்ள இனிமே ஒரு தோசையக்கூட முழுசாத் திங்க முடியாதாம்."

எங்களில் ஏழாம் மாதப் பிள்ளைத்தாய்ச்சியை வீடு வீடாக அழைத்துச் சோறு போடுவோம். முத்துலட்சுமிக்கு அதைச் செய்வோம் என்று யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. ஆனால் எல்லோரும் அதையே செய்தோம்.

முதல் விருந்து என் வீட்டில். (இதை யாரோ ஒரு பெரியம்மா வீட்டில் நடந்ததாக முதல் பிரதியில் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன்.) உளுந்தங்களி, கருப்பட்டி, குழியில் ததும்ப நல்லெண்ணெய்.

"அத்தை, தண்ணியாகாரம்தான் சாப்பிடணும்."

"களி என்ன, தொண்டையில நிக்கவா போவுது? வழுக்கிட்டுப் போயிரும். அதுவும் தண்ணியாகாரம்தான்."

சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது, அவள் அம்மா முப்பிடாதியம்மாள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. "எலும்பச் சூப்புனா சாறுதான இறங்கும்" என்றாள் என் மதினி. அப்புறம் ஆலங்குளத்தில் ஆபீஸ்காரர்கள் பிரியாணி. நாலாவது, ராயகிரியில் இருந்து சீசனுக்கு வேன் பிடித்து வந்த என் ஒன்றுவிட்ட தம்பி சிவனணைந்தபெருமாள். ஐந்தருவிக்கு எல்லோரையும் அள்ளிப்போட்டுப் போனான்.

"எக்கா, அருவிக்குள்ள அரை மணி நேரம் நின்னா கல்லத் தின்னாலும் செரிச்சிரும். மூலிகைத் தண்ணிலா. அந்தக் கல்லீரலு தானாச் சுருங்கும் பாரு."

"அப்படியாலே?"

"பெறவு? டாக்டருக்கு இதெல்லாம் தெரியவா போவுது?"

நம்பினேன். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று வெளியே வந்தவளுக்கு எப்படிப் பசிக்கும் என்று குற்றாலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். நாட்டுக்கோழியும் புரோட்டாவும் வந்தன. இலை நிறைந்து, மறுபடி நிறைந்தது.

"ஆசப்பட்டதெல்லாம் தின்னுரு மக்கா. பின்னால ஒரு கொறை இருக்கப்பிடாது" என்றான் சிவனணைந்தபெருமாள்.

முத்துலட்சுமி பிய்த்த புரோட்டாவை இலையிலேயே வைத்தாள்.

"சித்தப்பா, இது யாருக்குப் போடுத சோறு?"

"உனக்குத்தாம்ட்டி."

"இல்ல. கட்டில்ல கிடக்கவங்களுக்குத்தான் இப்படிக் கேட்டுக் கேட்டுப் போடுவோம். நாளை எண்ணிட்டு இருக்கவங்களுக்கு."

"ஏ, வாயக் கழுவுட்டி!"

பிறகு யாரோ சால்னா கேட்டார்கள்.

இந்த விருந்துகளை எல்லாம் நான் நகைச்சுவையாக எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த ஜாஹிரா பீவிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கேட்டாள்:

"அவ சிரிச்சாளா?"

அந்த வேடிக்கையை எல்லாம் அடித்துவிட்டேன். அடித்ததை உங்களுக்குக் காட்ட மாட்டேன்.

4

ஆப்ரேசனுக்கு இரண்டு நாள் முன்னால் திருநெல்வேலிக்குப் போனோம். முத்துலட்சுமி, அவள் மகள் ஸ்வாதி, நான். எடை நான்கு கிலோ கூடியிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சின்ன வயதுப் பெண். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"கல்லீரல் இன்னும் பெருசாத்தான் இருக்கு. இப்ப உள்ள போறது ஆபத்து. தள்ளி வைக்கிறேன். யாரும்மா உங்களுக்குச் சாப்பாடு போட்டது?"

"எல்லாரும்" என்றாள் முத்துலட்சுமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த வயிற்றுப் படத்தைப் பார்த்தேன்.

"நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இது பண்ணினா ஆயுசுக்கும் மாத்திரை, ஆயுசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பாடு, வருஷா வருஷம் சோதனை. ஒரேயடியா எல்லாம் சரியாயிடும்னு சொல்லல. வேற வழியும் இருக்கு, அது மெதுவான வழி. உங்க தூக்கத்தில மூச்சு நிக்கிறதுதான் என் கவலை. யோசிச்சு வர்ற திங்கட்கிழமை சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் ஸ்வாதி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். தாய் மருந்துச் சீட்டோடு கவுன்டருக்குப் போனதும் எழுப்பினேன்.

"என்னட்டி, பட்டப்பகல்ல தூங்குத? வகுப்புலயும் தூங்குதியாமே, டீச்சர் சொன்னாவளாம்."

"அலாரம் வச்சிருக்கேன்லா ஆச்சி. ஒரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு."

"என்னத்துக்கு? பரீச்சையா?"

"அம்மா மூஞ்சில மாட்டுத மெசினத் தூக்கத்துல கழத்திப் போட்டுரும். அப்பம் மூச்சு நின்னு நின்னு வரும். நான் எண்ணுவேன். இருவதுக்குள்ள வந்துரும். போன வாரம் முப்பத்தொண்ணு வரைக்கும் போச்சு. உலுக்குனேன்."

"அம்மைக்குத் தெரியுமா இது?"

"அம்மா தூங்கும்லா ஆச்சி."

. . .

மேலே உள்ள புள்ளிகள் அலங்காரம் இல்லை. அந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை. ஒரு பிள்ளை இருட்டில் உட்கார்ந்து தாயின் மூச்சை எண்ணுகிறது. நான் களிக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை.

5

கதை என்றால் முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) பண்ணிக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி சாதத்தோடு இலையை மூடுகிறாள். பெண் வீட்டார் ஓடி வருகிறார்கள்: "என்னம்மா, சாம்பார் நல்லா இல்லையா?"

ஆ) வேண்டாம் என்கிறாள். விடிகாலையில் மேலகரத்தில் இருந்து குற்றாலம் வரைக்கும் நடக்கிறாள். வீட்டில் கம்பங்கூழும் கீரையும். திரும்பி வரும் வழியில் சூடாக வடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள்—

இ) ஆப்ரேசனுக்குப் பதில், பசியை அடக்குகிற ஊசி போட்டுக்கொள்கிறாள். பசியே இல்லை. என் மதினி நிறைந்த தட்டோடு கதவருகே நிற்கிறாள், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

நாலாவதாக ஒன்று உண்டு. "ஆப்ரேசன் தியேட்டர் கதவு திறந்து—" என்று தொடங்கும். எழுத மாட்டேன்.*

* அடிக்குறிப்பு: முத்துலட்சுமியின் அப்பா, என் தம்பி நாறும்பூநாதன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் குடலிறக்க ஆப்ரேசனுக்குப் பயந்து என்னிடம் யோசனை கேட்டான். "கிழிஞ்ச சட்டைக்குத் தையல் போடுத மாதிரிதாம்லே, போய்ட்டு வா" என்றேன். வரவில்லை. இதயம் என்றார்கள். கத்தியின் பிழை இல்லை என்றும் சொன்னார்கள். இருக்கலாம். இதை அடிக்குறிப்பாகத்தான் எழுத முடிகிறது.

6

சனிக்கிழமை மத்தியானம் இதுவரை எழுதியதை முத்துலட்சுமிக்குப் போனில் வாசித்தேன். என் கதைகளை நான் சத்தம் போட்டு வாசித்துத்தான் சரிபார்ப்பேன். அவளைப் பற்றி எழுதியதை அவளிடம் வாசிப்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது. நியாயம் மட்டும்தான் தோன்றியது, வேறு ஒன்றும் தோன்றவில்லை. எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு குருடு உண்டு.

நாலாம் பகுதி முடிந்ததும் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முத்து? இருக்கியா?"

"அத்தை, அந்த அலாரம்… கதைக்காச் சேத்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாயிடம் பிள்ளை மறைத்துவைத்ததை நான் வாக்கியம் பார்த்து, நிறுத்தம் பார்த்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்திருக்கிறேன்.

"இல்லட்டி. சேக்கல."

"முப்பத்தொண்ணா?"

"அவ சொன்னது."

"ராத்திரி அவளும் நல்லாத் தூங்குதான்னுலா நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "சரி, மிச்சத்த வாசி."

"வேண்டாம்ட்டி."

"வாசிங்கேன்."

மூன்று முடிவுகளையும் வாசித்தேன். அடிக்குறிப்பை விட்டுவிட்டேன். கேட்டு முடித்ததும் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"அத்தை, மூணு முடிவுலயும் நான் என்ன தின்னேன், என்ன திங்கலன்னுதான் எழுதிருக்க. மூச்சு விட்டனான்னு ஒண்ணுலயும் இல்லையே."

போனைக் காதில் வைத்தபடி தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பந்தி. வடை. தட்டு. இல்லைதான்.

"அப்பம் என்ன முடிவுட்டி?"

"கதைக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்."

"கதைக்கு நீ பாத்துக்க. நான் மொதல்ல எம்பிள்ளைட்டப் பேசணும்."

வைத்துவிட்டாள்.

7

இன்று திங்கள். ஒன்பது ஐம்பது. அவள் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் போதும். அ, ஆ, இ மூன்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். அவளுக்கு நான் ஒரு முடிவும் எழுதித் தர மாட்டேன். பண்ணு என்றும் சொல்ல மாட்டேன், பண்ணாதே என்றும் சொல்ல மாட்டேன். இவ்வளவு தைரியமாக எழுதிவிட்டு, தாளை அடுக்கி, பேனாவை மூடினேன்.

போன் அடிக்கிறது. அவள் பெயர்தான்.

ஆயிரக்கணக்கான அழைப்புகளை எடுத்த கை இது. எடுக்க மாட்டேன் என்கிறது. ஏனென்றால் அவள் பிறந்து பேசத் தொடங்கியதில் இருந்து அவளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பரீட்சையில் தேறியபோதும் அதைத்தான் கேட்டேன். அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று சாயங்காலமும் அதைத்தான் கேட்டேன். "சாப்பிட்டியாட்டி?" இப்போதும் நாக்கின் நுனியில் அதுதான் தயாராக நிற்கிறது. தள்ளிவிட்டு வேறு ஒன்றைத் தேடுகிறேன். எழுபத்திரண்டு வயதில், இத்தனை கதை எழுதியவளிடம், பிரியமாக ஒரு பிள்ளையைக் கேட்பதற்கு இரண்டாவது வாக்கியம் இல்லை.

உங்களிடம் இருந்தால் இங்கே எழுதுங்கள். அவள் என்ன முடிவெடுத்திருந்தாலும் அதற்குப் பொருந்த வேண்டும். சீக்கிரம். எடுத்துவிட்டேன்.

"அத்தை?"

"ஆமாட்டி முத்து, நான்தான். நீ…